இரண்டு வெள்ளைகள்: ஒரு கடைத்தெருவின் இரவு நிறங்களை அளந்த அனுபவம்

மல்லிகை மொட்டு மஞ்சளடித்துத் தெரிந்தால் அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான். பூக்கடை அக்கா இதை எனக்குப் புரியவைத்த இரவில், அவருக்காகவே வாங்கி வந்த 3000 கெல்வின் பல்பு, அதாவது மஞ்சள் சாய்ந்த வெள்ளை ஒளி தரும் பல்பு ஒன்று என் கையில் இருந்தது. இரண்டு வாரம் அளந்து, கணக்குப் போட்டு, அந்தத் தெருவுக்கு எது பொருந்தும் என்று முடிவு கட்டி வாங்கியது. ஹோல்டரில் மாட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அக்கா ஒரு மொட்டை விரலிடுக்கில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அண்ணே, இது இன்றைக்குக் காலையில் பறித்த பூ. இந்த வெளிச்சத்தில் நேற்றைய பூவாகத் தெரிகிறது. கழற்றிவிடுங்கள்" என்றார். கழற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கணக்கு வேறு வழியில் போயிற்று. ஆனால் இதை முதலிலிருந்து சொல்வதுதான் முறை.

மதுரையில் மாசி வீதிகளுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கடைத்தெரு. நீளம் ஏறத்தாழ 140 மீட்டர். விளக்குத்தூண் பக்கமிருந்து நடந்தால் பத்து நிமிடத்தில் வந்துவிடலாம். பழைய கோட்டையை இடித்து ஊரை விரிவாக்கிய கலெக்டர் பிளாக்பர்னின் நினைவாக நிறுத்திய தூண் அது. ஒரு மனிதரை நினைவுகூர இந்த ஊர் விளக்கைத் தேர்ந்தெடுத்தது என்பது எனக்கு எப்போதும் பிடித்த செய்தி. பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் நான். பகலில் இந்தத் தெருவைப் பல முறை வரைந்திருக்கிறேன். இரவில் வரைய உட்கார்ந்தபோது முடியவில்லை. எந்த நிறத்தை எங்கே வைத்தாலும் தாளில் ஏதோ உறுத்தியது. தாளை விட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தேன். உறுத்தல் அங்கேயே இருந்தது.

எது உறுத்துகிறது என்று கேட்டால் யாரும் உடனே கைகாட்டுவது மருந்துக்கடையின் பச்சைச் சிலுவையையும் ஜவுளிக்கடையின் சிவப்பு எழுத்துகளையும்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். நினைப்பதை விட்டு அளந்து பார்க்கலாம் என்று தோன்றியது. பக்கத்து வீட்டில் இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் இருக்கிறாள். அவள் கணினிக் கணக்கைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். மற்றதை நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் தேவைப்பட்டது ஒரு நல்ல வெள்ளை. விளக்கை நேராகப் படமெடுத்தால் கேமரா கண்கூசி எல்லாவற்றையும் வெளுத்துவிடும். விளக்கின் ஒளி விழும் ஒரு வெள்ளைப் பரப்பைத்தான் படமெடுக்க வேண்டும். எழுதும் தாள் போதும் என்று எடுத்துப் போனேன். அது தவறு. இன்றைய தாள்களில் வெளுப்பைக் கூட்டும் ரசாயனம் சேர்க்கிறார்கள். அது வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிரை உண்டு நீலமாக ஒளிரும். எல்இடி வெளிச்சத்தில் புற ஊதா அநேகமாக இல்லை. ஆகவே ஒரே தாள் பகலில் ஒரு வெள்ளை, இரவில் இன்னொரு வெள்ளை. அளவுகோலே நீண்டு சுருங்கினால் எதை அளப்பது? குழாய் மரைகளில் சுற்றும் டெஃப்லான் டேப்பை ஒரு கெட்டி அட்டையில் இருபது சுற்றுக்கு மேல் சுற்றினேன். எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் திருப்பி அனுப்பும் பொருள் அது. ஆய்வகங்களில் வெள்ளைக்கு அளவாக வைப்பதும் இதே பொருளின் அழுத்தி வார்த்த வில்லைதான். ஒரு பிளம்பர் கடையில் சில ரூபாய்க்கு அது கிடைக்கிறது.

அடுத்தது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைப் பெட்டி. செருப்பு வந்த அட்டைப்பெட்டி, உள்ளே கறுப்புத் தாள். ஒரு முனையில் சவர பிளேடை இரண்டாக உடைத்து, தாளின் தடிமன் அளவுக்கு இடைவெளி விட்டு ஒட்டிய கீறல். மறுமுனையில் டிவிடித் துண்டு. டிவிடித் தட்டைக் கத்தி முனையால் ஓரத்தில் நெம்பினால் இரண்டு ஏடாகப் பிளக்கும். பளபளப்புப் பூச்சு இல்லாத ஏட்டை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் வரிகள் 0.74 மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. சிடியின் வரிகள் 1.6 மைக்ரோமீட்டர். நெருக்கமான வரி நிறங்களை அகலமாகப் பிரிக்கும் என்பதால் டிவிடியே நல்லது. அளவு குறிக்க வீட்டிலிருந்த பழைய சிஎஃப்எல் விளக்கு உதவியது. அதில் பாதரசத்தின் நீலக்கோடு 436 நானோமீட்டர் அலைநீளத்திலும் பச்சைக்கோடு 546இலும் விழுகின்றன. சிவப்பு ஒளி தரும் உட்பூச்சான பாஸ்பரின் கோடு 611இல். மூன்றையும் படத்தில் குறித்துக்கொண்டால் இடைப்பட்ட இடங்களுக்கு அளவு தானாக வந்துவிடும். தூக்கிப் போடாமல் வைத்திருந்த ஒரு சிஎஃப்எல் இவ்வளவு நேர்மையான அளவுகோலாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

முதல் இரவு எடுத்த படங்கள் அனைத்தும் வீண். கைபேசி தானாகவே வெள்ளையைச் சரிசெய்துவிட்டது. தெருமுனையில் மஞ்சளாக எரியும் சோடியம் விளக்கின் கீழ் இருந்த அட்டையும் நகைக்கடை வாசலில் இருந்த அட்டையும் படத்தில் அக்கா தங்கைபோல இருந்தன. இரண்டாம் இரவு வெள்ளைச் சமநிலையைப் பகல் வெயிலுக்குப் பூட்டிவிட்டு, கைபேசி எந்த மெருகும் ஏற்றாத கச்சாக் கோப்பாகச் சேமித்தேன். அப்போது படங்களில் குறுக்கே பட்டை பட்டையாகக் கறுப்பு ஓடியது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. ஷட்டரை 1/50 நொடி அல்லது 1/25 நொடி என்று வைத்தால் முழுத் துடிப்புகள் அடங்கிவிடும், பட்டை மறையும். மூன்றாம் இரவுதான் உருப்படியான படங்கள் கிடைத்தன. அன்றும் இருசக்கர வாகனங்களின் முகப்பு விளக்கு அட்டையில் அடித்த ஆறு படங்களை நீக்க வேண்டியிருந்தது. நண்பகல் வெயிலில் அதே அட்டையை எடுத்த படத்தைக் கொண்டு எல்லாவற்றையும் திருத்தினோம்.

கணக்கு இப்படி. அட்டையின் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளிலிருந்து எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்கள். இது 1931இல் உலக ஒளியியல் ஆணையம் வகுத்த முறை. அவற்றிலிருந்து 1976ஆம் ஆண்டின் நிறப்படத்தில் ஒரு புள்ளி. அந்தப் படத்தின் பயன், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஸ்கேல் வைத்து அளந்தால் கண் உணரும் வேறுபாட்டுக்கு ஓரளவு நெருங்கிய எண் கிடைக்கும் என்பது. ஏறத்தாழ 0.001 அளவு விலகல்தான் கூர்ந்த கண் பிரித்தறியும் எல்லை. எங்கள் கைபேசி அந்த அளவுக்கு நுட்பமானதல்ல. ஒரே விளக்கை மூன்று இரவுகள் அளந்தபோது புள்ளி 0.003 வரை நகர்ந்தது. ஆகவே 0.005க்குக் கீழான வேறுபாடு எதையும் நாங்கள் பேசுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். சோடியம் விளக்குக்கு மட்டும் கைபேசிக் கணக்கை நம்பவில்லை. அதன் ஒளி பெரும்பாலும் மஞ்சள்-செம்மஞ்சள் பகுதியில் குவிந்திருக்கிறது, கேமராவின் வடிகட்டிகள் அங்கே தடுமாறுகின்றன. பெட்டியில் பார்த்தால் 589 நானோமீட்டரில் பளீரென்று கோடு வரும் என்று எதிர்பார்ப்போம். உயரழுத்த சோடியத்தில் அந்த இடத்தில் கறுப்புக் கோடு இருக்கும், இருபுறமும் ஒளி. சோடியம் ஆவி தன் ஒளியைத் தானே விழுங்கும் இடம் அது. அதை முதன்முதலில் என் அட்டைப்பெட்டியில் பார்த்தபோது சிறிது நேரம் அளவை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிற வெப்பநிலையைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளை ஒளி மஞ்சள் சாய்ந்ததா நீலம் சாய்ந்ததா என்று கெல்வினில் சொல்லும் எண் அது. எண் கூடக் கூட நீலம். கெல்வின் எண்களை நேராகக் கழித்துப் பார்ப்பது கண்ணுக்கு ஒத்துவராது. 2000க்கும் 3000க்கும் உள்ள இடைவெளி பெரிது. 5500க்கும் 6500க்கும் உள்ள இடைவெளி சிறிது. எண்ணில் இரண்டும் ஆயிரம். பத்து லட்சத்தைக் கெல்வினால் வகுத்து வரும் மைரெட் என்ற அலகுதான் கண்ணோடு ஒத்துப்போகிறது. புகைப்படக்காரர்கள் வடிகட்டிகளைத் தேர்ந்தெடுக்க வெகுகாலமாகப் பயன்படுத்துவது இது. எங்கள் தெருவில் தெருவிளக்கு 5700 கெல்வின், அதாவது 175 மைரெட். நகைக்கடை வாசல் 3000, அதாவது 333. பூக்கடை பல்பு 6500, 154. முனையில் இன்னும் மாற்றாமல் இருக்கும் ஒரு சோடியம் விளக்கு 2000 அளவில், 500. அதன் கீழிருக்கும் பிள்ளையாரின் எண்ணெய் விளக்கு அதற்கும் சிறிது அப்பால்.

தெருவைப் பதினான்கு நிற்குமிடங்களாகப் பிரித்தோம். விளக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிடுவதில் பயனில்லை என்பது அதற்குள் விளங்கியிருந்தது. கண் இரண்டொரு நிமிடத்தில் தான் நிற்கும் வெளிச்சத்துக்குப் பழகி அதையே வெள்ளை என்று எடுத்துக்கொள்கிறது. சோடியம் விளக்கின் கீழ் மட்டும் நின்றால் உலகமே அப்படித்தான் என்று ஆகிவிடும். நிறம் தெரிவது இரண்டு ஒளி ஒரே பார்வைக்குள் வரும்போது. ஆகவே ஒவ்வொரு நிற்குமிடத்திலும் ஒரே பார்வையில் விழும் பெரிய ஒளிப்பரப்புகள் எவை, அவை பார்வையில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கின்றன, ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று குறித்தோம். பிறகு தெருவோடு பழகியவர்கள் பதினொரு பேரை அழைத்துச் சென்று ஒவ்வொரு இடத்திலும் இரண்டு நிமிடம் நிற்கச் செய்து, அங்கே ஒளிகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று ஒன்றிலிருந்து ஏழு வரை மதிப்பெண் கேட்டோம். ஏழுதான் மிக நல்லது. புகைப்படத்தைக் காட்டிக் கேட்கவில்லை. திரைக்குப் போனதும் அது வேறு தெரு.

ஓடும் எழுத்துப் பலகைகளைக் கணக்கிலிருந்து நீக்கினோம். அங்கே தொல்லை அசைவு, நிறமல்ல.

முடிவு என் எண்ணத்துக்கு நேர் எதிராக வந்தது. பச்சைச் சிலுவைக்கு யாரும் குறைந்த மதிப்பெண் போடவில்லை. நிறம் மிகச் செறிவானது, ஆனால் பரப்பு சிறியது, அது மருந்துக்கடை என்று எல்லோருக்கும் தெரியும். வெள்ளைத் தெருவிளக்குக்கும் சோடியத்துக்கும் நடுவே 325 மைரெட் விலகல். ஒரே பார்வையில் விழும் பெரிய ஒளிப்பரப்புகளில் அதுதான் மிகப் பெரிய வேறுபாடு. அந்த இடத்துக்குப் பதினொரு பேரில் எட்டுப் பேர் ஆறும் ஏழும் போட்டார்கள். "அங்கே போனால்தான் கோயில் வந்துவிட்டது என்று தோன்றும்" என்றார் இஸ்திரிக் கடைப் பெரியவர். மிகக் குறைந்த மதிப்பெண் விழுந்த இடம் பாத்திரக்கடை வாசல். அங்கே எரிந்தவை வெறும் வெள்ளை எல்இடி குழல் விளக்குகள் இரண்டு. இரண்டிலும் 6500 கெல்வின் என்று அச்சிட்டிருந்தது.

நாங்கள் அளந்தபோதும் இரண்டும் 6500ஐ ஒட்டியே வந்தன. குழப்பமாக இருந்தது. நிறப்படத்தில் புள்ளி வைத்தபோது காரணம் தெரிந்தது. சூடான பொருளின் ஒளி நிறம் மாறிக்கொண்டே போகும் வளைகோடு ஒன்று அந்தப் படத்தில் உண்டு. நிற வெப்பநிலை என்பது அந்தக் கோட்டின் மேல் எந்த இடத்துக்கு அருகில் என்று மட்டுமே சொல்கிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று சொல்வதில்லை. ஒரு குழல் கோட்டுக்கு மேலே பச்சைப் பக்கம் விலகியிருந்தது. இன்னொன்று கீழே, இளஞ்சிவப்புப் பக்கம். இடைவெளி 0.015. கண்ணின் எல்லையைப் போல் பத்து மடங்குக்கும் மேல். டப்பாவில் ஒரே எண், தெருவில் இரண்டு வெள்ளைகள்.

கடை வாசலில் எவர்சில்வர் குடங்கள் அடுக்கியிருந்தன. ஒவ்வொரு குடத்தின் வயிற்றிலும் ஒரு பச்சைக் கீற்றும் ஒரு ரோஜாக் கீற்றும் பக்கத்தில் பக்கத்தில் ஓடின. மாதக்கணக்காக என் தாளில் உறுத்திக்கொண்டிருந்தது இதுதான். அதை வெள்ளை என்று எண்ணி வெள்ளையாகவே வரைந்துகொண்டிருந்தேன்.

1944இல் அமெரிக்காவில் பாரி மூன், டொமினா ஸ்பென்சர் என்ற இருவர் நிற ஒத்திசைவுக்கு ஒரு கணக்கு வகுத்தார்கள். பின்னால் வந்த சோதனைகள் அவர்களுடைய சூத்திரத்தை முழுதாக ஏற்கவில்லை. எனக்கும் சூத்திரத்தில் நம்பிக்கையில்லை. ஆனால் அவர்கள் சொன்ன ஒரு கருத்து இந்தத் தெருவில் அப்படியே நின்றது. இரண்டு நிறம் ஒன்றாக இருந்தால் பொருந்தும். தெளிவாக ஒத்திருந்தால் பொருந்தும். நன்றாக விலகியிருந்தாலும் பொருந்தும். இடையில் ஒன்றா வேறா என்று கண்ணால் முடிவு கட்ட இயலாத இடம் இருக்கிறது, அங்கேதான் பொருந்தாது. சுருதிப்பெட்டிக்குச் சற்றே கீழே பாடுகிறவரைக் கேட்கும்போது வரும் வேதனை அது. வேறு சுருதியில் பாடுகிறவரைக் கேட்டால் அந்த வேதனை வருவதில்லை.

பாத்திரக்கடைக்காரர் நல்ல மனிதர். விளக்கை மாற்றச் செலவு செய்ய மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். செலவே தேவைப்படவில்லை. கடையில் மொத்தம் ஆறு குழல்கள், வெவ்வேறு சமயத்தில் வாங்கியவை. கடை அடைத்த பிறகு ஒவ்வொன்றாக எரியவிட்டு அளந்தோம். மூன்று பச்சைப் பக்கம், இரண்டு இளஞ்சிவப்புப் பக்கம், ஒன்று கிட்டத்தட்டக் கோட்டின் மேலேயே. எல்இடி சில்லுகள் ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் செய்தாலும் நிறத்தில் சிறிது மாறுபடும். நீல ஒளி தரும் சில்லின் மேல் மஞ்சள் பாஸ்பர் பூசித்தான் வெள்ளை எடுக்கிறார்கள். பூச்சு கூடினால் ஒரு பக்கம், குறைந்தால் மறுபக்கம். செய்த பிறகு அளந்து தரம் பிரிப்பார்கள். எவ்வளவு குறுகலாகப் பிரிக்கிறார்களோ அவ்வளவு விலை. ஏணியைப் போட்டு, பச்சைப் பக்கத்துக் குழல்கள் மூன்றையும் கடையின் உள்பக்கக் கிடங்குக்கு அனுப்பினேன். இளஞ்சிவப்புப் பக்கத்து இரண்டு வாசலுக்கு. கோட்டின் மேலிருந்த ஒன்று கல்லாவுக்கு மேல். அரை மணி நேர வேலை. மறுநாள் இரவு குடங்களில் ஒரே கீற்று. கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை, வாசலில் நின்று பார்த்துவிட்டு ஒரு குடத்தை இடம் மாற்றி வைத்தார்.

இந்த வெற்றியில்தான் பூக்கடைக்குப் போனேன். நகைக்கடையின் 333 மைரெட் ஒளிக்கு நேர் எதிரே 154 மைரெட் பல்பு மொட்டையாகத் தொங்கியது. மூடாக்கு இல்லாததால் பாதிப் பூவுக்கும் பாதி எதிரில் வருகிறவர் கண்ணுக்கும் போயிற்று. 1941இல் குரூய்தாஃப் என்ற டச்சுக்காரர் மங்கிய ஒளியில் மஞ்சள் சாய்ந்த, சூடான நிறமே மனதுக்கு இதம் என்று ஒரு வரைபடம் போட்டார். பின்னால் அதைப் பலர் கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறார்கள். ஆனாலும் இரவுத் தெருவில் அது எனக்குச் சரியாகவே பட்டது. ஆக, 3000 கெல்வின். எதிர்க்கடையோடு ஒன்றாகிவிடும், பிரச்சினை தீர்ந்தது. மல்லிகையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. 2013இல் புவிசார் குறியீடு பெற்ற பூ, இந்த ஊரின் பெயரைச் சுமக்கும் பூ, அதைச் சேர்க்காமல் ஒரு மதுரைத் தெருவின் நிறப் பொருத்தத்தை எழுதியிருக்கிறேன்.

வாங்க வருகிறவர் மொட்டின் வெளுப்பைப் பார்த்துத்தான் நாளைக் கணிக்கிறார். பழசாக ஆக ஓரம் மஞ்சளாகும். அக்காவுக்கு வெளிச்சம் என்பது நாணயம். இன்றைய பூவை இன்றைய பூவாகக் காட்ட வேண்டும். இதைக் கேட்ட பிறகு, நீலம் கலந்த வெள்ளை மேல் நம் மக்களுக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்பதும் விளங்கியது. வேட்டிக்குச் சொட்டு நீலம் போட்டு வளர்ந்தவர்கள் நாம். மஞ்சளேறிய துணிமேல் ஒரு துளி நீலம் விழுந்தால் அது துவைத்த வெள்ளையாகிறது. 6500 கெல்வின் பல்பு தெரு முழுவதற்கும் அதே நீலத்தைப் போடுகிறது. அதை ரசனைக்குறைவு என்று சொல்ல எனக்கு உரிமையில்லை.

ஆனால் அந்தப் பழைய பல்பின் கீழ் கனகாம்பரம் செத்துக் கிடந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். பெட்டியில் பார்த்தபோது 450 நானோமீட்டரை ஒட்டி நீலம் ஊசிபோல நின்றது, 480 அருகே பள்ளம், பிறகு மஞ்சள்-பச்சை மேடு, சிவப்பை நெருங்கும்போது சரிவு. சிவப்பு இவ்வளவு குறைந்த ஒளியில் கனகாம்பரம் எந்த நிறத்தைத் திருப்பிக் கொடுக்கும்? காவி வெளுத்த மண்ணிறமாகத் தெரிந்தது. அரளியும் அப்படியே. பக்கத்துத் தட்டிலிருந்த குங்குமம் பழுப்பு. பொதுவாக டப்பாவில் போடும் நிறம் காட்டும் திறன் எண் எட்டு வெளிர்நிறங்களின் சராசரி. ஆழ்சிவப்பு அதில் சேராது. அதற்குத் தனியே ஆர் 9 என்று ஓர் எண் உண்டு, 80 என்று போட்ட பல்புகளில் அது பெரும்பாலும் சுழியை ஒட்டித்தான் இருக்கும். இதை அக்காவிடம் எண்ணாகச் சொல்லவில்லை. பகலில் எடுத்துவைத்த ஒரு முழம் கனகாம்பரத்தை மாலை வெளிச்சத்திலும் பிறகு பல்பின் கீழும் காட்டினேன். அவர் முகம் மாறியது. "இதனால்தான் இரவில் இதை யாரும் கேட்பதில்லையா?" என்றார்.

அதன்பிறகு இருவரும் சேர்ந்து தேடினோம். கண்ணாடித்தாளை மடித்து மடித்துப் பழைய பல்பின் முன் பிடித்துப் பார்த்தோம். மஞ்சள் ஒரு மடிப்பிலேயே மல்லி போயிற்று. இளஞ்சிவப்பில் மல்லி ரோஜாவாயிற்று. வடிகட்டி இருப்பதைக் குறைக்குமே தவிர இல்லாத சிவப்பைக் கொண்டுவராது. கடைசியில் 4000 கெல்வின், நிறம் காட்டும் திறன் 90க்கு மேல் என்று குறித்த பல்பு ஒன்று கிடைத்தது. விலை கூடுதல். மாட்டிய இரவு அக்கா பழையபடி மொட்டை எடுத்துத் திருப்பினார். காலைப் பூவையும் முந்தைய நாள் பூவையும் கலந்து என்னிடம் நீட்டிப் பிரிக்கச் சொன்னார். நான் பிரித்தேன், இரண்டு தவறு. அவர் பிரித்தார், தவறே இல்லை. "இருக்கட்டும், ஒரு வாரம் பார்க்கிறேன்" என்றார். மரிக்கொழுந்தின் பச்சையும் செவ்வந்தியின் மஞ்சளும் தனித்தனியாக எழுந்து நின்றன. கனகாம்பரம் கனகாம்பரமாக இருந்தது.

இங்கே என் கணக்கு என்னை மறித்தது. 4000 கெல்வின் என்றால் 250 மைரெட். தெருவிளக்கிலிருந்து 75 தள்ளி, நகைக்கடையிலிருந்து 83 தள்ளி. இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமாகாமல் வேறுமாகாமல். பாத்திரக்கடையில் பார்த்த அதே தடுமாற்ற எல்லை. எண்ணை நம்பினால் இந்தப் பல்பு இந்த இடத்துக்கு ஆகவே ஆகாது. பூவை நம்பினால் இதைவிட நல்ல பல்பு இல்லை.

விடை கோலத்திலிருந்து கிடைத்தது. மாக்கோலத்தைச் சுற்றிக் காவிப் பட்டை இழுக்கிறோம். காவி வந்த பிறகு கோலத்தின் வெள்ளையும் தரையின் சாம்பலும் ஒன்றோடொன்று மோதுவதில்லை, நடுவில் ஒரு கரை வந்துவிடுகிறது. இரண்டு ஒளி ஒரே பரப்பில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் கண் அவற்றை ஒப்பிட்டுத் தவிக்கிறது. நடுவே ஓர் இருட்டுப் பட்டை இருந்தால்? தகரக்கடையில் எண்ணெய் டின்னை வெட்டி ஒரு கூம்பு மூடாக்குச் செய்யச் சொன்னேன். உள்ளே மங்கல் வெள்ளைப் பெயின்ட், வெளியே கறுப்பு. விளிம்பு பல்பின் நுனிக்கு நான்கு விரல் கீழே இறங்க வேண்டும், நிற்கிறவர் கண்ணுக்குப் பல்பு தெரியக்கூடாது. அடிப்பக்கம் அகலமாக, தலைப்பக்கம் காற்றுப் போகத் துளைகள். எல்இடி பல்பும் கழுத்துப் பகுதியில் சூடாகும், மூடிவைத்தால் ஆயுள் குறையும்.

முதல் மூடாக்கு தவறு. விளிம்பு குறுகிவிட்டதால் தட்டின் நடுவில் மட்டும் வெளிச்சம், ஓரத்துப் பூக்கள் இருட்டில். இரண்டாவதைப் பத்து சென்டிமீட்டர் அகலப்படுத்தினோம். ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரை இரவல் வாங்கினேன். அதில் தட்டின் நடுவில் மொட்டைப் பல்பு காலத்தில் 330 லக்ஸ் இருந்தது. மூடாக்குக்குப் பிறகு, குறைந்த வாட் பல்பிலேயே, 410. சாலையில் கடைக்கு முன்னால் 60 லக்ஸாக இருந்தது 14 ஆயிற்று, அதாவது தெருவிளக்கு தருவது மட்டும். பூக்கடையின் ஒளி தட்டோடு நின்றது. நகைக்கடையின் ஒளி அதன் படியோடு நின்றது. நடுவில் தெரு தன் வெளிச்சத்தில் சற்று இருட்டாக ஓடியது.

அதே பதினொரு பேரில் ஒன்பது பேரைத்தான் மறுபடி அழைக்க முடிந்தது. இந்த இடத்துக்கு முன்பு பெரும்பாலும் இரண்டும் மூன்றும் போட்டவர்கள். இப்போது ஐந்துக்குக் கீழே ஒருவர் மட்டும். அவர் சொன்ன காரணம், தெரு முன்பைவிட இருட்டாகத் தெரிகிறது என்பது. அதுவும் உண்மைதான். தெருவிளக்கின் அளவு மாறவில்லை, கடைகளிலிருந்து வழிந்த வெளிச்சம் நின்றுவிட்டது. வயதானவர்கள் நடக்கும் தெருவில் அதை அலட்சியம் செய்யக்கூடாது என்பதால், பூக்கடைக்கு முன்னால் உடைந்திருந்த கல் மூடியின் விளிம்பில் வெள்ளைப் பட்டை அடித்தோம்.

ஒரு வாரம் முடிந்தது. அக்கா பல்பைக் கழற்றச் சொல்லவில்லை. மாலை ஆறரைக்கு அவரே சுவிட்சைப் போட்டு, முதலில் கனகாம்பரத்தை முன்வரிசைக்கு நகர்த்துகிறார். முன்பு அது பின்வரிசையில் ஈரத்துணிக்கு அடியில் கிடக்கும்.

முனைப் பிள்ளையாருக்கு யாரோ அன்பர் ஒரு வெள்ளை ஃபோகஸ் விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அது எரிந்தால் எண்ணெய்த் திரியின் சுடர் இருக்கிறதா என்றே தெரிவதில்லை. பூசாரியிடம் பேசியிருக்கிறேன். நேராக முகத்தில் அடிக்காமல், பின்சுவரில் பட்டுத் திரும்பும்படி திருப்பி வைத்துப் பார்க்கலாம் என்று சம்மதித்தார். சங்கடஹர சதுர்த்தி முடியட்டும் என்றார். அன்றைக்கு அட்டையையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறேன். பாத்திரக்கடைக்காரர் ஏணி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.